இடையில் அமர்ந்திருந்தவள்

"ஐயா, 'டயல் செய்' என்கிறார்களே, டயல் என்றால் என்ன?"

வகுப்பறையிலே மாணவனொருவன் எழுப்பிய வினா இது. நடந்துகொண்டிருந்த பாடம் வேறு. ஆயினும், எழுந்துவிட்ட வினாவை அமுக்கிவிட்டுப் பாடத்தை ஓட்டுவது ஆசிரியருக்கு அழகன்று. கரும்பலகையிலே ஒரு வட்டம் வரைந்தோம். வட்டத்துக்குள் பத்துத் துளைகள் வரைந்தோம். துளையிலே விரல் நுழைத்துச் சுழற்றும் தட்டு, அதுதான் டயல் என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். அவர்கள் பிறக்கும் முன்பே அத்தட்டு விடைபெற்றுப் போய்விட்டதல்லவா! சிரிப்பு அடங்குமுன் மாணவியொருத்தி எழுந்தாள். "லைன் பிஸி என்கிறோமே, கைப்பேசியில் லைன் எங்கே இருக்கிறது?" அவளை அடுத்து இன்னொருவன்: "ரிங் என்றால் வளையம் என்றுதானே படித்தோம்? தொலைபேசியிலே ஏது வளையம்?"

முதல் வினாவுக்கு விடை தந்தோம். மற்ற இரண்டுக்கும் அரைகுறை விடைதான் நம்மிடம் இருந்தது. மீதியைத் தேடி நூலகம் சென்றோம். கம்பியின் கதையைத் தேடிப் போன நமக்குக் கிடைத்ததோ, கம்பிகளின் நடுவே அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் கதை!

பொருள் மறைந்த பின்னும் சொல் வாழ்கிறது. ஏன் என்று கேளாமல் அச்சொல்லை ஒலித்துக்கொண்டிருப்பதற்கும், பொருளறியாமல் மந்திரம் முணுமுணுப்பதற்கும் வேறுபாடு அதிகமில்லை. எனவே, தோழர்களே, தொலைபேசிக்காரர்களின் சொற்கள் சிலவற்றைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசிக்கான காப்புரிமை அமெரிக்காவிலே கிடைத்தது. அந்நாளில் தொலைபேசி என்றால் இரட்டைப் பிள்ளை. ஒன்று வீட்டிலே, மற்றொன்று கடையிலே. இரண்டுக்கும் இடையே ஒரு கம்பி. வீட்டிலிருந்து கடைக்குப் பேசலாம். கடையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். மருத்துவரிடம் பேசவேண்டுமென்றால் மற்றொரு கம்பி. வழக்கறிஞரிடம் பேசவேண்டுமென்றால் வேறொரு கம்பி.

இம்முறையில் ஊர் முழுவதும் பேசவேண்டுமானால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் பேச ஒரு கம்பி போதும். பத்துப் பேர் ஒருவரோடொருவர் பேச 45 கம்பிகள் வேண்டும். நூறு பேருக்கு 4,950. ஆயிரம் பேருக்கோ 4,99,500 கம்பிகள்! ஆள் பத்து மடங்கானால் கம்பி ஏறத்தாழ நூறு மடங்காகிறது. ஊர் முழுவதும் செம்புப் பந்தல் போட்டாலும் போதாது. விஞ்ஞானம் குரலைக் கம்பியில் ஏற்றிவிட்டது. ஆனால் கணக்கு வழியை மறித்து நின்றது.

வழி என்ன? எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டு வா. அங்கே யாருக்கு யார் வேண்டுமோ அவர்களை மட்டும், வேண்டிய நேரத்துக்கு மட்டும், இணைத்து விடு! அந்த இடத்துக்குத்தான் 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். நாம் இணைப்பகம் என்கிறோம். ஆயிரம் பேருக்கு ஆயிரம் கம்பிகளே போதுமென்றாயிற்று. வணிக முறையில் நடந்த முதல் இணைப்பகம், 1878 சனவரி 28ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிலே திறக்கப்பட்டது. தொடங்கியவர் ஜார்ஜ் காய். பயன்படுத்தியோர் 21 பேர். வண்டிக்குப் போடும் மரையாணிகளையும், தேநீர்க் குடுவை மூடியின் கைப்பிடிகளையும் கொண்டு அவர் தாமே கட்டிய பலகை அது. ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல்களுக்கு மேல் அதனால் தாங்க இயலாது. ஆனாலும், இன்று உலகெங்கும் விரிந்து கிடக்கும் வலைக்கு முதல் முடிச்சு அதுதான்.

பணம் கட்டிக் கம்பி பெற்றவருக்குச் 'சந்தாதாரர்' என்று பெயர். கடையில் பொருள் வாங்குவோன் வாங்கினான், போனான். சந்தாதாரரோ ஏட்டுக்குச் சந்தா கட்டுவதுபோல் மாதந்தோறும் கட்டுகிறார். கட்டும் வரையில் அவர் அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர். ஒருவர் கூடச் சேர்ந்தால் எல்லோருக்கும் பயன் கூடும் கூட்டம் அது. இந்தச் சொல்லின் பொருள் இவ்வேட்டின் வாசகர்க்கு விளங்காமற் போகாது. சந்தா பாக்கி வைத்திருப்போர்க்கு இன்னும் நன்றாகவே விளங்கும்!

அதே ஆண்டு பிப்ரவரி 21இல் நியூ ஹேவனில் 50 சந்தாதாரர்களின் பட்டியல் ஒற்றைத் தாளிலே வெளிவந்தது. அதிலே பெயர்கள் உண்டு, எண்கள் இல்லை. எதற்கு எண்? இன்னார் வேண்டும் என்று சொன்னால், பலகையருகே இருப்பவர் இணைத்துவிடுவார். ஊரில் எவர் எந்தக் கம்பி என்பது அவருக்கு மனப்பாடம். 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரிலே தட்டம்மை பரவியது. அப்போது மருத்துவர் ஒருவருக்கு அச்சம் தோன்றிற்றாம்: பலகையருகே இருப்போர் அனைவரும் ஒருசேரப் படுத்துவிட்டால் ஊரின் பேச்சே நின்றுவிடுமே! பெயரை விட்டு எண்ணைக் கொடுங்கள். எண் இருந்தால் புதியவர் எவரும் வந்து வேலை செய்யலாம் என்றார். தொலைபேசி எண் பிறந்த கதை இதுவென்பர். நோய் வந்தபோது, பிரார்த்தனைக்கு நாள் குறிப்பதோடு நில்லாமல் ஏற்பாட்டை மாற்றிய அந்த மருத்துவரை நமக்குப் பிடிக்கிறது.

பலகையருகே முதலில் அமர்த்தப்பட்டவர்கள் சிறுவர்கள். தந்தி அலுவலகங்களிலே ஓடியாடி வேலை செய்த இளவட்டங்கள். அவர்கள் சந்தாதாரரை வைதனர். ஒருவருக்கு வரவேண்டிய அழைப்பை மற்றொருவருக்குத் தந்து வேடிக்கை பார்த்தனர். பலகையருகிலேயே மற்போரும் புரிந்தனர். இந்தத் தொல்லை தாளாமல், 1878 செப்டம்பர் 1ஆம் நாள், பாஸ்டன் நகரிலே எம்மா நட் என்னும் பெண்மணியை வேலைக்கு அமர்த்தினர். உலகின் முதல் தொலைபேசி இணைப்பாளர்ப் பெண் அவரே. வாரத்துக்கு 54 மணி நேர வேலை. மாதத்துக்கு 10 டாலர் ஊதியம் என்பர். 'பொறுமை பெண்ணுக்கு இயல்பு' என்று புகழ்ந்து கூறிக்கொண்டு, குறைந்த கூலிக்குப் பெண்ணை அமர்த்திக்கொண்டது முதலாளித்துவம். புகழ்ச்சி இனித்தது, கூலி கசந்தது. எனினும், வீட்டு வேலையும் ஆலை வேலையும் தவிர வேறு வாயில்கள் அடைபட்டுக் கிடந்த பெண்ணினத்துக்கு ஒரு புதிய வாயில் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த வாயிலும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. பலகையின் உச்சித் துளையை எட்டும் அளவுக்குக் கை நீளம் வேண்டும். மணமாகாதவளாக இருந்தால் நலம். சொல் திருத்தமாக இருக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாகத் தோல் வெள்ளையாக இருக்கவேண்டும்! பெல் நிறுவனங்களிலே பல பத்தாண்டுகள் வரையில் கறுப்பினப் பெண்ணுக்கு அந்த நாற்காலி மறுக்கப்பட்டது. குரலுக்கு நிறம் ஏது? கம்பியிலே கேட்பவனுக்குத் தோல் தெரியுமா? தெரியாது. ஆனாலும் மறுத்தனர். தீண்டாமையை நேரிற்கண்ட நமக்கு இதிலே புதிராக ஒன்றுமில்லை.

நாற்காலியில் அமர்ந்தவள் என்ன செய்தாள்? அவள் முன்னே, சுவர்போல் எழுந்து நிற்கும் பலகை. பலகை முழுவதும் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு சந்தாதாரரின் கம்பி முடியுமிடம். 'ஜாக்' என்பது அத்துளையின் பெயர்; மடக்குக் கத்தியைப்போல் மடங்கும் பழைய இணைப்பு விசைக்கு இட்ட பெயரின் மிச்சம் அது. சந்தாதாரர் அழைத்தால் அவருடைய துளையருகே சிறு தகடு விழும். பிற்காலத்தில் சிறு விளக்கு எரியும். கயிறு போன்ற வடத்தின் ஒரு முனையை அத்துளையிலே செருகி, 'எந்த எண்?' என்று கேட்பாள். எண்ணைக் கேட்டதும் வடத்தின் மறுமுனையை எடுத்து, வேண்டிய துளையின் விளிம்பிலே தொட்டுப் பார்ப்பாள். காதிலே 'டிக்' என்று ஒலித்தால் அந்தக் கம்பியில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். 'லைன் பிஸி' என்று அவள் வாயால் சொன்னாள். நம் மாணவி தேடிய லைன் இதுதான். அன்று அது ஒரு பெண் சோதித்தறிந்து சொன்ன செய்தி. இன்று அது கருவி எழுப்பும் ஒலி.

மோதிரத்தைப் பற்றிக் கேட்ட மாணவனும் தன்னையறியாமலே சரியாகத்தான் கேட்டுவிட்டான். அந்த வடத்தின் முனையிலுள்ள செருகி, ஆள்காட்டி விரல் போன்று நீண்டது. அதன் நுனி ஒரு கம்பிக்கு. நுனியை அடுத்த உலோக வளையம் இரண்டாம் கம்பிக்கு. அதற்கும் பின்னுள்ள உறை, பிஸியா இல்லையா என்று சோதிப்பதற்கு. நுனி, வளையம், உறை: ஆங்கிலத்திலே டிப், ரிங், ஸ்லீவ். வீட்டுக்கு வரும் இரு செம்புக் கம்பிகளுக்கும் அதனால் டிப் என்றும் ரிங் என்றும் பெயர் நிலைத்தது. மணியோசையைக் குறிக்கும் ரிங் வேறு. கம்பியின் பெயரான ரிங் வேறு. பின்னது, அந்தப் பெண் விரலால் பற்றிய செருகியின் வளையம்! பலகையும் போயிற்று, செருகியும் போயிற்று. ஆனால் செம்புக் கம்பி பழுது பார்ப்போரின் வாயில் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. இசை மேடையிலே மின்கிதார் வாசிப்போர் செருகும் பருத்த செருகியும் இதன் வழித்தோன்றலே.

அவ்விரு கம்பிகளும் சேர்ந்தது 'லூப்', அதாவது சுற்று. தொடக்க காலத்திலே ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசிக்கும் தனி மின்கலம் வேண்டும். அழைப்பதற்குக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். பின்னர், இணைப்பகத்திலேயே பெரிய மின்கல அடுக்கை வைத்து, கம்பி வழியே எல்லா வீட்டுக்கும் மின்சாரம் அனுப்பினர். கொக்கியிலே தொங்கும் கேட்பானை எடுத்தால் சுற்று மூடும், மின்சாரம் ஓடும், பலகையிலே விளக்கு எரியும். எடுத்த நிலைக்குக் 'கொக்கி விட்டது' என்றும், வைத்த நிலைக்குக் 'கொக்கியில் உள்ளது' என்றும் பெயர். மின்கலத்தின் அழுத்தம் 48 வோல்ட்டு. அதிலும் நேர்முனையை மண்ணோடு இணைத்து, கம்பியை எதிர்முனையாக வைத்தனர். ஈரத்திலே செம்பு அரிபடாமல் காக்கும் உபாயம் அது. ஊரெல்லாம் விளக்கணைந்த இரவிலும் தொலைபேசி மட்டும் பேசியதே, அந்த வியப்பின் காரணம் இந்த மின்கலந்தான். தெய்வாதீனமல்ல!

ஊருக்குள் இருக்கும் கம்பி லூப். ஓர் இணைப்பகத்துக்கும் மற்றோர் இணைப்பகத்துக்கும் இடையே செல்லும் கம்பி 'டிரங்க்'. டிரங்க் என்றதும் நம் மக்கள் நினைவுக்கு வருவது தகரப் பெட்டி. இங்கே பொருள் அதுவன்று, அடிமரம். கிளைகள் பல, அடிமரம் ஒன்று. ஆயிரம் வீடுகளுக்கு ஆயிரம் லூப்புகள் உண்டு. ஆனால் அடுத்த ஊருக்குச் செல்லும் டிரங்க் பத்தோ இருபதோதான். எல்லோரும் ஒரே நேரத்திலே பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலே கட்டப்பட்டது தொலைபேசி வலை.

அந்த நம்பிக்கையைக் கணக்காக்கியவர் டென்மார்க்கு நாட்டு எர்லாங். 1878 சனவரித் திங்களிலே முதல் இணைப்பகம் பிறந்தது என்றோமல்லவா? அதே திங்கள் முதல் நாள் பிறந்தவர் அவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்திலே பணியாற்றி, 1909இலும் 1917இலும் வெளியிட்ட ஆய்வுகளால், எத்தனை பேருக்கு எத்தனை டிரங்க் வேண்டும், எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று வகுத்துக் காட்டினார். ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சிலே இருந்தால் அது ஓர் எர்லாங். முப்பது பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினாலும் ஓர் எர்லாங்தான். 1946 முதல் இந்த அளவுக்கு அவர் பெயரே உலகெங்கும் வழங்குகிறது. காத்திருப்பைத் தலையெழுத்து என்று விட்டுவிடாமல் எண்ணி அளந்த மனிதர்!

நம் நாட்டிலே, 1882ஆம் ஆண்டு, அதே சனவரி 28ஆம் நாளிலே கல்கத்தா, பம்பாய், சென்னை நகர்களில் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. பின்னாளில் வந்த 'டிரங்க் கால்' என்னும் சொல்லைக் கேட்டாலே வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று வகைகள். மின்னலுக்குப் பணமும் மின்னல் வேகத்திலே கரையும். பணமுள்ளவன் முன்னே போனான். இல்லாதவன் அஞ்சலகத் திண்ணையிலே அமர்ந்திருந்தான். அடிமரத்திலும் வரிசை, வரிசையிலும் வகுப்பு!

இனி, டயலுக்கு வருவோம். கான்சாஸ் நகரிலே பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்தியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். சில காலம் பள்ளியாசிரியராகவும் இருந்தவர் என்பதால் நமக்குச் சற்றே நெருக்கம். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் தொழிற்போட்டியாளருக்குப் போகின்றன என்று அவர் ஐயுற்றார். போட்டியாளரின் மனைவியே பலகையில் அமர்ந்திருந்தாள் என்று ஒரு கதை. உறவினள் என்று இன்னொரு கதை. எதுவாயினும், இடையிலே ஆள் இருப்பதனால்தானே தொல்லை, ஆளே இல்லாமற் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1891 மார்ச்சு 10ஆம் நாள் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1892 நவம்பர் 3ஆம் நாள், இண்டியானா மாநிலத்து லாபோர்ட் நகரிலே அது இயங்கத் தொடங்கிற்று.

அதன் இயக்கம் எளிது; எளிதாயிருப்பதே அதன் அழகு. தட்டைச் சுழற்றி விட்டால், அது திரும்பி வரும்போது சுற்றை அறுத்து அறுத்து இணைக்கும். நான்கைச் சுழற்றினால் நான்கு முறை. சுழியத்தைச் சுழற்றினால் பத்து முறை. அங்கே, இணைப்பகத்திலே, ஒரு தண்டு அத்துடிப்புகளை எண்ணுகிறது. கடைசி இரண்டு எண்கள் 47 என்றால், தண்டு நான்கு படி மேலேறும். பின்னர் ஏழு படி சுழலும். நின்ற இடத்திலே வேண்டியவர் கம்பி! பத்து அடுக்கு, அடுக்குக்குப் பத்து முனை, ஆக நூறு பேர். தொடக்கத்தில் டயல் இல்லை. பொத்தானை எண்ணியெண்ணி அழுத்தவேண்டியிருந்தது. 1896இல்தான் சுழல் தட்டு வந்தது. பொத்தானிலிருந்து தட்டுக்குப் போய், தட்டிலிருந்து மீண்டும் பொத்தானுக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். அதே 1896இல் ஸ்ட்ரோஜர் தம் உரிமைகளை 1,800 டாலருக்கு விற்றுவிட்டார், 1902இல் மறைந்தார்.

'பெண்ணில்லாத் தொலைபேசி, வசவில்லாத் தொலைபேசி' என்று அந்தப் பொறியை விளம்பரம் செய்தார்கள். இவ்விடத்திலே நாம் சற்று நின்றோம். இடைத்தரகனை ஒழிப்பது என்றால் நம் உள்ளம் துள்ளும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே எவன் நந்திபோல் நின்றாலும் அவனை விலக்கு என்பது நாம் பழகிய பாடம். ஆகவே முதலில் ஸ்ட்ரோஜருக்குக் கைதட்டினோம். ஆனால், விலக்கப்பட்டவர் யார் என்று பார்த்தபோது கை தயங்கியது. இடையில் அமர்ந்திருந்தவள் காணிக்கை வாங்கவில்லை, கூலி வாங்கினாள். கம்பி அவளுடையதன்று, பலகை அவளுடையதன்று, கட்டணம் அவள் வகுத்ததன்று. ஒரு பெண்மீது ஒருவர் கொண்ட ஐயம், இலட்சம் பெண்களின் நாற்காலிக்கு எழுதிய முடிவுரையாயிற்று. பொறி தவறா? அன்று. பொறியின்றி இத்தனை கோடி மக்கள் பேச இயலாது. ஆனால் வசவையும் பெண்ணையும் ஒரே மூச்சிலே சேர்த்துச் சொன்ன அந்த விளம்பரத்தை நம்மால் மன்னிக்க இயலவில்லை.

அவர்கள் வாய்மூடி இருந்தவர்களுமல்லர். 1918இல், பிரெஞ்சுப் போர்க்களத்திலே அமெரிக்கப் படையின் பலகைகளை இயக்க, இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கடல் கடந்தனர். ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்தவர்கள், சீருடை அணிந்தவர்கள், சிலர் குண்டு விழும் எல்லைவரை சென்றவர்கள். திரும்பி வந்தபோது, 'நீங்கள் படைவீரர்கள் அல்லர்' என்று கூறிவிட்டது அரசு. அவர்களைப் படைவீரர்களென ஒப்புக்கொண்ட சட்டம் 1977இல் வந்தது. அதற்குள் அவர்களிற் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

1919 ஏப்ரல் 15ஆம் நாள், பாஸ்டன் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியிலே ஏறத்தாழ 8,000 பெண்கள் பலகையை விட்டு எழுந்தனர். தலைமை தாங்கியவர் ஜூலியா ஓ'கானர் என்னும் இணைப்பாளர். போர்க்காலத்தில் தொலைபேசியை ஏற்று நடத்திய அரசின் அஞ்சல் துறைத் தலைவர், ஊதிய உயர்வு பற்றிப் பேசவே மறுத்து நாளைக் கடத்தி வந்தார். ஆறு நாள்! வணிகம் தடுமாறியது, செய்தித்தாள் அலுவலகங்கள் திகைத்தன. அதுவரை அவர்களைக் 'குரல்' என்று மட்டுமே அறிந்திருந்த நகரங்கள், அந்தக் குரல் நின்றபோதுதான் அதற்குப் பின்னால் ஒரு கையும், அந்தக் கைக்கு ஒரு வயிறும் உண்டு என்று அறிந்தன. ஆண் தொழிலாளரும் துணைக்கு வந்தனர். அரசு இறங்கி வந்தது, ஊதியம் உயர்ந்தது.

அதே 1919இல், வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரிலே, பெல் நிறுவனம் தன் பெரிய தானியங்கி இணைப்பகங்களில் முதலாவதைத் திறந்தது. அதுவரை ஸ்ட்ரோஜர் பொறியை ஏற்கத் தயங்கி நின்ற நிறுவனம் அது. வேலைநிறுத்தம் ஒன்றே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. பெருகிவந்த அழைப்புகளும், பெருகிவந்த கூலிச் செலவும் முன்பே அவ்வழியில் தள்ளிக்கொண்டிருந்தன. ஆயினும் எழுந்து நிற்கத் தெரிந்த தொழிலாளியைவிட, ஏறிச் சுழலும் தண்டு முதலாளிக்கு இனித்திருக்கும் என்று எண்ணுவதற்குத் தடையில்லை.

நம் நாட்டிலே முதல் தானியங்கி இணைப்பகம் 1913–14இல் சிம்லாவிலே, வெள்ளை ஆட்சியாளர் கோடையைக் கழித்த மலையிலே வந்தது. இணைப்பாளரைக் கேளாமல் சந்தாதாரரே வெளியூரை அழைக்கும் எஸ்.டி.டி. முறை, 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிற்று. ஒவ்வோர் ஊராக டிரங்க் பலகை அடங்கிற்று.

அமெரிக்காவிலே, கைப்பிடி சுழற்றி அழைக்கும் தொலைபேசி நெடுநாள் நீடித்திருந்த ஊர்களுள் ஒன்று மெய்ன் மாநிலத்துப் பிரையன்ட் பாண்ட். ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே பலகை இருந்தது. சில நூறு சந்தாதாரர்கள். டயல் வரப்போகிறது என்று தெரிந்ததும், கைப்பிடியைப் பிடுங்காதே என்று ஊரார் சிலர் இயக்கம் நடத்தினர். 1983 அக்டோபரிலே அந்தப் பலகையும் ஓய்ந்தது.

அடுத்த நாள் வகுப்பிலே இவ்வளவையும் சொல்லி முடித்தோம். லைனைக் கேட்ட மாணவி மீண்டும் எழுந்தாள். "நாம் அழைப்பவர் எடுக்காதபோது, 'தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்' என்று கைப்பேசியிலே ஒரு குரல் வருகிறதே, ஐயா, அதை மட்டும் ஏன் இன்னும் பெண்குரலாகவே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

மணி அடித்துவிட்டது.